மூன்றாம் மாடிக்காரனுக்கு வழி

மலிவாக எங்கே சாப்பிடலாம் என்று கேட்டாய்,
ஒரு கையில் சைக்கிள், மறு கையில் செடித்தொட்டி,
லிஃப்ட் இறங்கி வருவதற்குள்.
நேற்றுத்தான் குடிவந்தவன்.
இரவில் இந்த வாசல் என் பொறுப்பு. பெயர் ஃபல்தீலா.
சொல்கிறேன். போனில் குறித்துக்கொள்ளாதே,
காலில் குறித்துக்கொள்.

சால்ட் ரிவர் என்று பெயர், ஆற்றைத் தேடாதே.
சிமெண்டுக் கால்வாயில் போட்டு அடைத்துவிட்டார்கள்.
வலதுபக்கம் திரும்பு.
கீழ்த்தளக் காப்பிக்கடையைப் பார்க்காதது போல் தாண்டு.
அங்கே ஒரு குவளைக்குக் கொடுப்பதை
கசாந்த் கடையில் கொடுத்தால்
பாதி ரொட்டி உன்னுடையது.
முழங்கை நீளம். வயிற்றைக் கீறி
உருளை வறுவல், மசாலா இறைச்சி, வினிகர்,
மூக்கில் நீர் வரவைக்கும் சிவப்புச் சாறு
எல்லாம் திணித்து நாலாக வெட்டுவான்.
ஒருத்தனாகப் போய் முழுசாகக் கேட்காதே,
வரிசையே சிரிக்கும்.
மூன்று பேரைச் சேர்த்துக்கொள்.
இங்கே சிநேகம் தொடங்குவதே
"உன் பங்கு இருபத்திரண்டு ராண்ட்" என்றுதான்.
வெள்ளி மதியம் மட்டும் போகாதே. தொழுகை.

காசில்லாத நாளா? ரயில் மேம்பாலம்.
ஐந்தரைக்கு நில்.
மலை முதுகில் மேகம் வழிந்து
பாதியில் காணாமல் போகும்.
கீழே வேன் கதவில் தொங்கும் பையன்
"மௌப்ரே! வைன்பர்க்!" என்று
ஊரையே கூப்பிட்டு ஏற்றிக்கொள்வான்.
தென்கிழக்குக் காற்று தொப்பியைக் கேட்டால்
கொடுத்துவிடு. எப்படியும் வாங்கிக்கொள்ளும்.

முடிதிருத்தும் கடைக்குப் பின்னால் ஒரு திரை.
தயங்காமல் விலக்கு.
கின்ஷாசாக்காரி ந்கலூலா
மரவள்ளிக் கீரையைக் கடலையோடு குழைய வைத்திருப்பாள்.
கரண்டி தரமாட்டாள். கை கழுவ வாளி உண்டு.
பிரெஞ்சில் ஒரு வணக்கம் வைத்தால்
மீன் துண்டு ஒன்று கூடுதலாக விழும்.
நான் வைத்தேன். என் பிரெஞ்சுக்குச் சிரித்துவிட்டு
இரண்டு போட்டாள்.

எத்தனை மாடி என்றாய், மூன்றா?
ஜன்னலோரம் கட்டிலா?
அங்கேதான் பதினேழாம் மெஷின்.
பள்ளிக்கூடக் காற்சட்டைக்கு ஜிப் தைத்தேன், ஒன்பது வருஷம்.
குளிர்காலத்தில் அந்த மூலையில் காற்று புகும்.
பூட்டுக்காரனிடம் சொல்லாதே, பில்தான் வரும்.
துணியைச் சுருட்டி இடுக்கில் வை.

தால்ச்சி எங்கே கிடைக்கும் என்று எவனாவது சொல்லியிருப்பான்.
கடலைமாவு, கீரை, பச்சைமிளகாய், கொதிக்கும் எண்ணெய்.
இப்போது எங்கும் இல்லை.
நஸ்லி போட்டுக்கொண்டிருந்தாள், எதிர்த்தெருவில்.
ஐந்நூற்று நான்காம் வீட்டுப் பெண் கேட்டாள்,
சொன்னேன், உன்னிடம் சொல்வது போலவே.
நல்ல எண்ணத்தில்தான் படமெடுத்துப் போட்டாள்.
சனிக்கிழமை வரிசை மூலை திரும்பியது.
வீட்டுக்காரர் காரில் உட்கார்ந்து தலைகளை எண்ணினார்.
அடுத்த மாதம் வாடகை இரண்டு மடங்கு.
இப்போது அங்கே வாசனை மெழுகுவர்த்தி விற்கிறது.
ஒன்றில் இஞ்சி மணக்குமாம்.

உலைவாய்க்கு மூடி உண்டு, ஊர்வாய்க்கு?
என் வாயும் ஊர்வாயில்தானே சேர்த்தி.

அதனால் ஞாயிற்றுக்கிழமை சமாசாரம் மட்டும்
உனக்குச் சொல்லமாட்டேன்.
சோம்பும் ஏலமும் உலர்ந்த ஆரஞ்சுத்தோலும் போட்டு
மாவைப் பொங்கவிட்டு, பொரித்து,
பாகில் முக்கித் தேங்காய்த்துருவலில் புரட்டுவதை
எந்தக் கதவு, என்ன நிறம் என்று
கேட்காதே.
ஏழரைக்குள் தீர்ந்துவிடும் என்பதையும்
நான் சொல்லவில்லை.

லிஃப்ட் வந்துவிட்டது, செடியைப் பார்த்து.

ஞாயிறு காலை ஆறரைக்கு என் ஷிஃப்ட் முடியும்.
இடதுபக்கம் போவேன், மெதுவாக, முழங்கால் வலி.
தெரு எல்லோருக்கும் பொது.
பின்னால் யாரோ நடந்து வந்தால்
திரும்பிப் பார்க்கிற வழக்கம் எனக்கில்லை.

பாத்திரம் கொண்டுவா.
அவர்கள் பை தரமாட்டார்கள்.